காட்டுக்குள் நிற்கும் கோமாளி: அந்த ஒரு ஷாட் மட்டும் ஏன் பயமுறுத்தியது?

மாலைக்காட்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை இரவு, மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஓர் அமெரிக்க ஸ்லாஷர் படத்தைப் பார்த்தேன். எடுத்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை என்பதால் படத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பழகிய கதைதான். நண்பர்கள் சிலர் காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்கள். வழியில் ஒரு பெரியவர் போக வேண்டாம் என்று எச்சரிக்கிறார். கைபேசியில் சிக்னல் போய்விடுகிறது. கோமாளி வேடமிட்ட ஒருவன் வந்து ஒவ்வொருவராகக் கொல்கிறான். எண்பது நிமிடப் படத்தில் ஆறு கொலைகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட என்னைப் பயமுறுத்தவில்லை. பாதியில் எழுந்து போய்த் தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றால் புரிந்துகொள்வீர்கள்.

ஆனால் அதற்கு முன்பே, இருபதாவது நிமிடத்தில், ஒரு ஷாட் வந்தது. பட்டப்பகல். அந்தக் குழுவில் ஒரு பெண், ஓடையில் தண்ணீர் பிடிப்பதற்காகக் குனிந்து உட்கார்கிறாள். அவளுக்குப் பின்னால் ஐம்பது, அறுபது அடி தள்ளி, மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை முகம் தெரிகிறது. அவன் அசையவில்லை, கேமராவும் அசையவில்லை, இசையும் இல்லை. அவள் பாட்டிலை நிரப்பி மூடிக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள். அவள் போன பிறகும் அவன் அங்கேயே நிற்கிறான். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டுக் கூடத்து விளக்கைப் போட்டேன். இன்றுவரை அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

நான் காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவி. இரத்தமே இல்லாத ஒரு ஷாட் செய்ததை ஆறு கொலைகளால் ஏன் செய்ய முடியவில்லை என்பதையும், கோமாளியைக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்துவதில் அப்படி என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்த ஷாட் தற்செயலாக அமைந்ததா, தெரிந்து செய்ததா என்பதையும் என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

---

நிழற்படக்காரன் எழுதியது:

நல்ல கேள்வி, சகோதரி. நான் பதினோரு ஆண்டுகளாக ஒளிப்பதிவுத் துறையில் உதவியாளராக இருக்கிறேன். என் பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

கையில் பணம் இல்லாதவர்கள் காட்டைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் வெளிப்படையானது. செட் போட வேண்டாம், கூட்டம் சேர்க்க வேண்டாம், அக்கம்பக்கத்தார் தொந்தரவு இல்லை. 1980-இல் வெளிவந்த 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' ஏறத்தாழ ஐந்தரை லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது; நியூ ஜெர்சி மாநிலத்தில் பிளேர்ஸ்டவுன் ஊருக்கு அருகில், சாரணச் சிறுவர்களுக்கான உண்மையான முகாம் ஒன்றில், பிள்ளைகள் விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய பிறகு படப்பிடிப்பு நடத்தினார்கள். 'தி ஈவில் டெட்' குழுவினர் டென்னசி மாநிலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு மரவீட்டைப் பிடித்தார்கள். இந்த இரண்டு படங்களையும் பார்த்த பிறகு, காடு இருந்தால் படம் எடுத்துவிடலாம் என்று உலகமெங்கும் இளைஞர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஆனால் இரவில் காடு மிகவும் செலவு பிடிக்கும் இடம் என்பது உள்ளே போய் நின்ற பிறகுதான் தெரியவரும். அறைக்குள் ஒரு விளக்கைப் போட்டால் சுவரும் கூரையும் அந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். காட்டில் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. இலையும் பட்டையும் சருகும் வெளிச்சத்தைத் தின்றுவிடும். பின்னால் இருக்கும் மரங்கள் தெரிய வேண்டுமானால், பெரிய விளக்கை உயரத்தில் ஏற்றிப் பின்பக்கமிருந்து நிலவொளிபோல் விழச் செய்து, கொஞ்சம் புகையும் போட வேண்டும். அதற்குக் கிரேன் வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும், அவற்றைக் காட்டுக்குள் கொண்டுவரப் பாதை வேண்டும். இவை எதுவும் இல்லாதவர்கள் கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய விளக்கை வைத்து முகத்தில் அடிப்பார்கள். அப்போது பத்தடிக்கு அப்பால் எல்லாம் கறுப்பாகிவிடும். ஓடுகிறவரின் முகம் மட்டும் தெரியும், காடு தெரியாது. காடே தெரியாதபோது அதற்குள் ஒருவன் ஒளிந்திருக்கிறான் என்ற எண்ணம் எங்கிருந்து வரும்? நீங்கள் பார்த்த படத்தின் கொலைகளெல்லாம் இரவில் நடந்திருந்தால், அவை உங்களைத் தொடாததற்கு இது பெரும்பங்கு காரணமாக இருக்கும்.

உங்கள் ஓடை ஷாட் பகலில் எடுக்கப்பட்டது. சூரியன் இலவசம், பின்னால் ஐம்பதடி தூரம்வரை காடு தெரிவதும் இலவசம். அதோடு அந்த வெள்ளை முகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையும் பழுப்புமாக இருக்கும் இடத்தில் பவுடர் போட்ட வெள்ளை, கிடைக்கிற வெளிச்சத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். 1978-இல் 'ஹாலோவீன்' எடுத்தவர்கள் கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த ஒரு முகமூடியை வாங்கி, கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்துப் பயன்படுத்தினார்கள். இருட்டான வாசற்படியில் அந்த வெள்ளை மெல்ல மெல்லத் தோன்றும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கோமாளி அந்த வெள்ளையைத் தன் வேடத்திலேயே கொண்டு வருகிறான்.

ஒரு கிளைச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறும்படத்துக்காக நாங்கள் தோப்புக்குள் இப்படியொரு வேடத்தை நிறுத்தினோம். வெள்ளைச் சாயத்தின் மேல் பவுடர் ஒற்ற நேரமில்லை என்று விட்டுவிட்டோம். மூன்றாவது டேக்கில் வியர்வை பட்டுக் கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பு இரண்டு கோடுகளாகக் கன்னத்தில் இறங்கிவிட்டது. நெற்றி எண்ணெய் வழிவதுபோல் பளபளத்தது. பயம் போய்ப் பரிதாபம் வந்துவிட்டது. சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து இரத்தம் செய்திருந்தோம். உணவு இடைவேளை முடிந்து திரும்பியபோது, தரையில் கிடந்த சட்டை முழுக்கக் கட்டெறும்பு மொய்த்திருந்தது. அன்று பிற்பகல் முழுவதும் ஒரு ஷாட்கூட எடுக்க முடியவில்லை. அறுபதடி தள்ளி ஆளை நிறுத்தினால் இந்தத் தொல்லைகளில் பாதி தெரியாமலே போயிருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டோம்.

---

பழைய ஏடு எழுதியது:

வெளிச்சத்தைப் பற்றி நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வெள்ளை முகம் மட்டுமே காரணமென்றால் அங்கே ஒரு வெள்ளைப் பானையை வைத்திருந்தாலும் நாம் பயந்திருக்க வேண்டும். கோமாளி என்ற வேடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மனிதர் முகத்தைப் பார்த்துத்தான் அவர் மனத்தை ஊகிக்கிறோம். கோமாளியின் முகத்தில் சிரிப்பு வரையப்பட்டிருக்கிறது; அதற்குக் கீழே உண்மையான வாய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது தெரியாது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர், மருத்துவமனைச் சிறுவர் பிரிவுகளின் சுவர்களை எப்படி அலங்கரிக்கலாம் என்று 4 முதல் 16 வயதுக்குட்பட்ட 250-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கேட்டு, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். கோமாளிப் படங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கவே இல்லை. பெரிய பிள்ளைகள் சிலர்கூடப் பயமாக இருக்கிறது என்றார்கள். சிரிக்க வைப்பதற்காகப் பெரியவர்கள் வரைந்து வைத்தது வேறுவிதமாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்தச் சந்தேகம் திரைப்படத்துக்கு முந்தியது. 1836-இல் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற வெள்ளைமுக நடிகர் தெபுரோ, தெருவில் தம்மைக் கேலி செய்த ஓர் இளைஞனைக் கைத்தடியால் அடித்தார். அந்த அடியில் அவன் இறந்துபோனான். வழக்கு நடந்து அவர் விடுதலையானார். ஆனால் வேடத்துக்கு உள்ளே வேறொருவன் இருக்கிறான் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. அமெரிக்காவில் அந்த எண்ணத்தை நிலைநிறுத்தியது சிகாகோ அருகே நடந்த கொடுமை. குழந்தைகளின் விழாக்களில் கோமாளி வேடமிட்டு வந்துகொண்டிருந்த ஜான் வெய்ன் கேசி 1978 டிசம்பரில் கைதானான். 33 இளைஞர்களையும் சிறுவர்களையும் கொன்றதாக 1980-இல் தீர்ப்பளிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் கோமாளியைப் பழையபடி யாரும் பார்க்க முடியவில்லை.

காட்டுக்கு வருவோம். 2016 ஆகஸ்ட் மாதம் தென் கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறமுள்ள மரக்கூட்டத்திலிருந்து கோமாளிகள் தங்களை உள்ளே அழைப்பதாகவும் பணம் காட்டுவதாகவும் சிறுவர்கள் சொன்னார்கள். காவல்துறை தேடிப் பார்த்தது, யாரும் அகப்படவில்லை. சில வாரங்களுக்குள் அதே பேச்சு நாடு முழுவதும் பரவியது. பெரிய கடைகள் கோமாளி முகமூடிகளை விற்பனையிலிருந்து எடுத்தன. கிட்டத்தட்ட அதே மாதத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் கறுப்பு பலூன்களோடு நள்ளிரவில் நடந்து திரிந்த கோமாளியின் படங்கள் பரவின. அது ஒரு சிறிய குறும்படத்துக்கான விளம்பரம் என்று பின்னர் தெரியவந்தது. விளம்பரத்துக்குப் பணமில்லாதவர்கள் ஓர் ஆளுக்கு வேடம் போட்டுத் தெருவில் நடக்கவிட்டது அந்தப் படத்தை உலகறியச் செய்தது.

ஏன் மரங்களுக்கு நடுவில் என்பதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. கோமாளி வேடம் என்பது பிறர் பார்ப்பதற்காகவே போடப்படுவது. சர்க்கஸ் கூடாரத்தில் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். பிறந்தநாள் விழாவில் இருபது பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஆளில்லாத காட்டில் அவன் யாருக்காக வேடம் போட்டிருக்கிறான்? ஒருவன் கண்ணாடிக்கு முன்னால் பொறுமையாக உட்கார்ந்து, வெள்ளை பூசி, வாயை வரைந்து, உடையை மாட்டிக்கொண்டு, மரங்களுக்கிடையே நடந்து வந்து அந்த ஓடைக்கரையில் நின்றிருக்கிறான். பார்க்கிறவள் ஒருத்தி அங்கே வருவாள் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவள் போன பிறகும் அவன் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது மிச்சமிருக்கும் பார்வையாளர் நீங்கள் ஒருவர்தான்.

---

கடைசி வரிசை எழுதியது:

மூவர் எழுதியதையும் படித்தேன். ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூரத்தில் நிறுத்தினால் பயம், அருகில் வந்தால் பயமில்லை என்று இதை ஒரு விதியாக்கிவிடக் கூடாது.

'டெரிஃபையர்' படத்தின் 'ஆர்ட்' என்ற கோமாளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வந்த முதல் முழுநீளப் படத்தின் செலவு ஒரு லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. இயக்குநர் டேமியன் லியோனியே ஒப்பனையும் காயங்களும் செய்கிறவர். அந்தப் படத்தில் கோமாளி ஓர் உணவகத்தில், பளிச்சென்ற வெளிச்சத்தில், எதிர் மேசையில் உட்கார்ந்து ஒரு பெண்ணை உற்றுப் பார்க்கிறான். தூரமில்லை, இருட்டில்லை, காடுமில்லை. அப்படியும் அந்தக் காட்சியில் மூச்சு முட்டுகிறது. வேடமேற்ற டேவிட் ஹோவர்ட் தார்ன்டன், பழைய பேசாப் பட நகைச்சுவைக் கலைஞர்களின் உடல்மொழியை நன்கு அறிந்தவர். கோமாளி ஒரு சொல்லும் பேசுவதில்லை. சிரிப்பதாக வாயைத் திறந்தாலும் சத்தம் வருவதில்லை. அந்த மௌனத்தை நம்பித்தான் படம் நிற்கிறது. இரண்டாம் பாகம் இரண்டரை லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 2022-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2024-இல் வந்த மூன்றாம் பாகம் 8 கோடி டாலரைத் தாண்டியது.

காட்டுக் கோமாளிக்கும் முன்னோடி உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டி நேரடியாக வீடியோவில் வந்த 'கேம்ப் ப்ளட்' படத்திலேயே கோமாளி முகமூடி அணிந்தவன் காட்டு முகாமில் கொலை செய்கிறான். அது பல பாகங்கள் வரை நீண்டது. அதன் முகமூடி முகத்தில் அசையாமல் கிடக்கும். ஆர்ட்டின் முகமோ சாயத்துக்கு அடியில் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நடிகரால் என்ன செய்ய முடியும் என்பது புரியும். கொலையாளியை அருகில் காட்டுவதற்கு நடிகர் வேண்டும். அப்படியொருவர் கிடைக்காத படங்களுக்குத் தூரம் கைகொடுக்கிறது. நீங்கள் பார்த்த படத்தின் ஓடை ஷாட்டும் அந்த வகையில் பிழைத்துக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் 'டெரிஃபையர்' படத்தில் ஒரு பெண்ணைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அறுக்கும் காட்சியை, ஒப்பனைத் திறமைக்காகப் பல ஆண்டுகள் நண்பர்களிடம் புகழ்ந்து பேசியிருக்கிறேன். சென்ற ஆண்டு என் தங்கையோடு உட்கார்ந்து பார்த்தபோது, அவள் எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து அதை என்னால் பழையபடி புகழ முடியவில்லை. ஒப்பனை தத்ரூபமாக வந்திருக்கிறது என்பதற்காக, அந்த உடல் யாருடையது என்ற கேள்வியை நான் கேட்காமல் விட்டிருந்தேன்.

---

மாலைக்காட்சி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று அந்தப் பகுதியை மறுபடியும் பார்த்தேன். ஷாட்டின் நீளத்தைக் கணக்கிட்டேன்: 22 விநாடி. அதில் அவள் கிளம்பிப் போன பிறகு மட்டும் 6 விநாடி. யாருக்காக வேடம் போட்டிருக்கிறான் என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்ததால், முதல்முறையைவிட இம்முறை அதிகமாகப் பயந்தேன்.

கடைசி வரிசை அண்ணா சொன்னதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. அதே நடிகர், அதே தூரத்தில், அதே படத்தில் இன்னும் இரண்டு இடங்களில் நிற்கிறார். அந்த இரண்டு இடங்களிலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தூரம் மட்டுமே கைகொடுத்தது என்றால் அங்கும் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா?

---

ஒலிக்கூடம் எழுதியது:

அந்த மற்ற இரண்டு இடங்களிலும் பின்னணி இசை வருகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். வரும் என்று நினைக்கிறேன்.

'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' படத்துக்கு இசையமைத்த ஹாரி மான்ஃப்ரெடினி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். கொலையாளி உண்மையில் அங்கே இருக்கும்போது மட்டுமே அந்தப் பயமுறுத்தும் இசை வரும். ஆள் இல்லாமல் நம்மை ஏமாற்றும் இடங்களில் வராது. ஏனென்றால் அந்தப் படத்தில் இறுதிக் கட்டம் வரும்வரை கொலையாளியின் முகம் காட்டப்படுவதில்லை. கொலையாளி வந்தாயிற்று என்று சொல்லும் பொறுப்பு முழுவதும் இசையின் தலையில் விழுந்தது. அதைப் பின்பற்றியவர்கள் கொலையாளியை வெள்ளை முகத்தோடு கண்ணெதிரே காட்டிவிட்டு, இசையையும் போட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்துவிட்டதைக் காதுக்கும் சொல்லும்போது, 'இப்போது பயப்படுங்கள்' என்று படம் நமக்கு உத்தரவிடுகிறது. அதோடு, தான் பார்த்துக்கொள்வதாக ஒரு துணையும் தந்துவிடுகிறது. உங்கள் ஓடையில் அந்தத் துணை இல்லை. யாரும் சொல்லாமல் நீங்களாகவே அவனைக் கண்டுபிடித்தீர்கள்.

இன்னொன்று. பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டில் நிரம்ப நிரம்ப அந்தச் சத்தம் தடித்த ஒலியிலிருந்து மெல்லிய ஒலியாக மேலேறும். உள்ளே மிச்சமிருக்கும் காற்றின் நீளம் குறைந்துகொண்டே போவதால் அப்படி ஆகிறது. கண்ணை மூடிக்கொண்டு குடம் பிடித்தாலும் எப்போது நிரம்பும் என்று நமக்குத் தெரிவது அதனால்தான். அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டால், அவள் எழுந்திருக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது உங்கள் காதுக்குத் தெரிந்துகொண்டே இருந்திருக்கும். உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருந்திருப்பீர்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கேமரா அவளிடமிருந்து எட்டத்தில் இருந்தும் பாட்டில் சத்தம் காதருகே கேட்டதென்றால், அது அங்கே பதிவானது இல்லை. யாரோ பிறகு ஓர் அறையில் உட்கார்ந்து, வேறொரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதற்கென்றே பதிவு செய்து சேர்த்திருக்கிறார்கள். தற்செயலா, தெரிந்து செய்ததா என்ற உங்கள் கேள்விக்கு விடை அங்கே கிடைக்கும்.

---

மாலைக்காட்சி எழுதியது:

ஐயா, கேட்டேன். மற்ற இரண்டு இடங்களிலும் இசை இருக்கிறது, நீங்கள் சொன்னபடியே.

ஓடை ஷாட்டை ஹெட்ஃபோனில் ஏழெட்டு முறை கேட்டேன். தொடக்கத்தில் பறவைச் சத்தமும் ஓடைச் சத்தமும் கலந்து வருகின்றன. பாட்டிலைத் தண்ணீரில் அமிழ்த்தியதும் அவை இரண்டும் சற்றே தணிகின்றன. பாட்டில் நிரம்பும் சத்தம் மட்டும் கன்னத்துக்கு அருகில் கேட்கிறது. தடிமனாகத் தொடங்கி மெல்ல மெல்ல மேலேறுகிறது. மூடியைத் திருகும் சத்தமும் அதேபோல் அருகில்தான் கேட்கிறது. அவள் போன பிறகு வரும் அந்த 6 விநாடியில் பறவைகளே இல்லை. ஓடை மட்டும் ஓடுகிறது. முதல்முறை பார்த்தபோது இதில் எதையும் நான் கவனிக்கவில்லை. ஆனால் மூடியைத் திருகி முடித்த நொடியில்தான் என் கை படத்தை நிறுத்தப் போனது என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

ஒலியைச் செய்தவர் யார் என்று அறிய இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். மொத்தமே பதினான்கு பேர். ஒலி அமைப்பு என்ற இடத்திலும், கோமாளி என்ற இடத்திலும் ஒரே பெயர்தான் இருக்கிறது.